பைக்காரர் இருக்கட்டும்

ஜனவரி 7

கூர்மையான பென்சிலும் அதைவிடக் கூர்மையான நாக்கும் உடைய என் மருமகளுக்கு,

இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் ஆகிவிடுவாய்.

செய்தியைச் சொல்கிறேன், நாற்காலியைப் பிடித்துக்கொள். உன் மாமா எழுத்தாளராகிவிட்டார். முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்த்து மனிதகுலத்தையே மேலும் கீழும் இழுத்தாயிற்று, இனி இலக்கியத்தையும் நாலு மாடி ஏற்றிவிடுவோம் என்று போன ஞாயிறு காலை ஒன்பதே காலுக்கு உட்கார்ந்தேன். எழுந்தபோது பேனா கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு கெட்டில் வைத்திருந்தால் டீ போட்டிருக்கலாம்.

வார இதழ் ஒன்று சிறுகதைப் போட்டி வைத்திருக்கிறது. கெடு மார்ச் 31. அதில் 'சிறு' என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கதை நாற்பத்தோரு பக்கம் வந்துவிட்டது. பதினான்கு மாடிக் கட்டடம், நடுவழியில் நின்றுபோன லிஃப்ட், உள்ளே பதினேழு பேர். ஒரு பயில்வான், ஒரு மணப்பெண், துளைக்கும் மெஷினோடு ஒரு பல் டாக்டர், இரண்டு ஜோடி இரட்டையர், கிளியோடு ஒரு வக்கீல் (கிளிதான் வாதாடும்), மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு நிற்கும் ஒருவர். பைக்குள் பதினெட்டடி மலைப்பாம்பு. மீதிப் பேரை நீயே படித்துத் தெரிந்துகொள்.

நீ மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் கையேடு திருத்துகிற வேலையில் இருப்பவள். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று ஒரே வரி எழுதி லட்சம் உயிரைக் காப்பாற்றியவள். இந்த ஏழை மாமாவையும் காப்பாற்று.

அக்கா எப்படி இருக்கிறாள்? நான் கேட்டதாகச் சொல்லாதே. கேட்கவில்லை என்றும் சொல்லாதே.

இப்படிக்கு,
மேலேறும் எழுத்தாளர் (முழங்கால் நீங்கலாக)


ஜனவரி 19

அன்புள்ள மாமா,

நலம். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கதையை இரண்டு முறை படித்தேன். கிளி எனக்கும் பிடித்தது. ஆனாலும் போய்வரச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு தடை போடுகிறேன், கோபப்படாதீர்கள். இந்தக் கதையை இனி யாருக்கும் வாயால் சொல்லக் கூடாது. டீக்கடையில் கூடாது, மெஷின் ரூமில் கூடாது, எனக்குப் போன் போட்டும் கூடாது. நூறு முறை சொன்ன கதை மாதிரித் தெரிகிறது இது. சொல்லச் சொல்ல, கேட்கிறவர் எங்கே சிரித்தாரோ அந்த இடம் மட்டும் வீங்குகிறது. சிரிக்காத இடமெல்லாம் கரைந்துபோகிறது. பேச வேண்டியதையும் எழுதுங்கள். கடிதமே போதும்.

உங்கள் கதை ஐந்தாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதல் நான்கு பக்கமும் நீங்கள் தொண்டையைச் செருமுகிறீர்கள். எடுத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. 'பயங்கரமான' என்ற சொல் அறுபத்திரண்டு இடத்தில் வருகிறது. எண்ணினேன். அறுபத்திரண்டு முறை பயந்தால் அறுபத்து மூன்றாவது முறை கொட்டாவிதான் வரும். பிறகு முழுவதையும் சத்தமாகப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள்.

அம்மா நலம். ஒரு தொளதொளச் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் 'சட் சட்' என்று நடக்கிறாள். அளவாக வேறு வாங்கித் தருகிறேன் என்றால், "இதுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்கிறாள். உங்கள் உறையை அவள்தான் வாங்கி மேசை மேல் வைத்தாள். யாரிடமிருந்து என்று கேட்கவில்லை. தம்பி கையெழுத்து அக்காவுக்குத் தெரியாதா?

நீங்கள் இருவரும் பேசி நான்கு வருடம் ஆகிறது. அப்பா போன பிறகு உறவெல்லாம் வீட்டில் கூடியிருந்த அன்று நான் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் குபீரென்று சிரிப்பு. ஓடிவந்து பார்த்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டிருந்தாள். நீங்கள் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி நின்றீர்கள். என்ன கதை சொன்னீர்கள், அம்மா ஏன் எழுந்தாள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால் நீங்கள் முழங்காலைப் பற்றிப் பேசுகிறீர்கள், அம்மா மழையைப் பற்றிப் பேசுகிறாள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 6

கொலைகாரியாகிய என் மருமகளுக்கு,

நலமா? நான் நலம். என் பாத்திரங்கள்தான் நலமில்லை. எட்டுப் பேர் மாண்டுவிட்டார்கள். கிளியை வெட்டிய அன்று பேனாவே மை விட மறுத்தது. வக்கீல் வழக்குப் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டே போனார். இப்போது லிஃப்ட்டில் ஒன்பதே பேர். உள்ளே காற்றோட்டம் நன்றாக இருக்கிறது.

முதல் நான்கு பக்கத்தைக் கிழித்தேன். கதை துள்ளிக் குதித்து ஓடிற்று. இது தெரியாமல் முப்பத்தோரு வருடமாக எல்லாரிடமும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்திருக்கிறேன்!

சத்தமாகப் படிக்கச் சொன்னாயே, லிஃப்ட்டுக்குள் நின்று படித்தேன். ஒரு வாக்கியத்தைத் தரைத்தளத்தில் தொடங்கினேன். அது முடிந்தபோது நான் பன்னிரண்டாம் மாடியில் இருந்தேன். நடுவில் நான்கு பேர் ஏறி இறங்கிவிட்டார்கள். பன்னிரண்டாம் மாடி அம்மாள், "என்ன தம்பி, யார்கிட்ட பேசுறீங்க?" என்றார். "எதிர்காலத்திடம்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை ஏழாக உடைத்துவிட்டேன்.

பயங்கரங்கள் அறுபத்திரண்டில் ஒன்று மட்டும் மிச்சம். அது பல் டாக்டருக்கு.

ஒரு மாற்றம். பைக்காரரின் பையில் இப்போது பாம்பு இல்லை. சுவர்க் கடிகாரம். மணிக்குப் பதின்மூன்று தடவை அடிக்கும். பாம்பைப் பற்றி எழுத ஏனோ கை வரவில்லை.

அளவு சேராத செருப்பை அவள் ஏன் போடுகிறாள்? என்ன செருப்பு அது? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
எட்டுப் பேரைப் பறிகொடுத்தவன்


பிப்ரவரி 20

அன்புள்ள மாமா,

முழங்கால் எப்படி? 'வலி குறைந்திருக்கிறது' என்று எழுதுங்கள், 'ஆயிரம் யானை மிதித்தது' என்று எழுதாதீர்கள். நான் நலம். அலுவலகத்தில் புதிதாக ஒரு ரொட்டி வாட்டும் கருவிக்குக் கையேடு போகிறது. அதில் ஒரு பொத்தானுக்குப் படம் போட்டிருந்தார்கள், அது எதற்கென்று யாருமே எழுதவில்லை. நாங்கள் ஆறு பேர் அதை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பொத்தானையே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

உங்கள் ஒன்பது பேரையும் அப்படி ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இவருக்கு என்ன வேண்டும்? இந்த லிஃப்ட்டை விட்டு வெளியே போனதும் எங்கே போக வேண்டும்? பதில் இல்லாதவர் இறங்கட்டும். எல்லாத் திருத்தத்தையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ஒரு தடவை ஆட்களுக்காக மட்டும் படியுங்கள், இன்னொரு தடவை சொற்களுக்காக மட்டும். அதன் பிறகு கதையை எங்காவது பூட்டி மூன்று வாரம் தொடாமல் இருங்கள். திரும்ப எடுக்கும்போது யாரோ எழுதியது மாதிரித் தெரியும். அப்போதுதான் தப்பு கண்ணில் படும்.

எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றையும் சொல்லிவைக்கிறேன். வெட்ட வேண்டியதன் மேல் ஒரு கோடு. வெட்டியது மனசு கேட்காமல் திரும்ப வேண்டுமென்றால், கோட்டுக்கு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். சண்டை போடாமல் மாற்றிக்கொள்ள இதுதான் வழி. இதை அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். "உலகத்துல எல்லாத்துக்கும் இப்படி ஒரு குறி இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

இன்னொன்று. எழுத்தாளராக முயலாமல் நீங்கள் எழுதிய எதையாவது அனுப்புங்கள். கடைக்குப் போகும் சீட்டானாலும் சரி. உங்கள் நிஜக் குரல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

செருப்பா? பிரவுன் நிறம், சாதாரணச் செருப்பு. ஏன் கேட்டீர்கள்?

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 16

சிறை அதிகாரியாகிய என் மருமகளுக்கு,

வலி குறைந்திருக்கிறது. (பார், எழுதிவிட்டேன். எவ்வளவு வெறுமையாக இருக்கிறது!) நீ நலம்தானே?

கதையை மெஷின் ரூம் அலமாரியில் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து, "நான் அழுதாலும் மூணு வாரத்துக்குக் குடுக்காதீங்க" என்றேன். இரண்டாம் நாளே போய் அழுதேன். மனிதர் அசையவில்லை. ஐந்தாம் நாள் லஞ்சமாக ஒரு டீ. டீயைக் குடித்தார், சாவியைத் தரவில்லை. பத்தாம் நாள் அவரே, "உள்ளே அப்படி என்ன சார் இருக்கு?" என்று கெஞ்ச ஆரம்பித்தார். இருபத்தோராம் நாள் இருவரும் சேர்ந்து திறந்தோம். படித்தேன். மருமகளே, எவனோ ஒரு புளுகன் எழுதியிருக்கிறான்!

பொத்தான் அழுத்துகிற வேலையும் ஆயிற்று. பயில்வானுக்கு ஒன்றும் வேண்டாமாம், இறங்கிவிட்டார். இரட்டையரில் யாருக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே குழப்பம். இப்போது நான்கு பேர்தான். மணப்பெண், பல் டாக்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், பைக்காரர். பையில் இப்போது செங்கல். காரணம் கேட்காதே.

முயலாமல் எழுதியது வேண்டும் என்றாயே, என்னிடம் அந்த மாதிரி இருப்பது வேலைப் பதிவேடு ஒன்றுதான். நாலு வருடம் முந்தைய நோட்டிலிருந்து சில வரிகளைத் தேதியோடு பார்த்து எழுதியிருக்கிறேன். சிரிக்காதே.

ஏப்ரல் 2. ஏழாம் மாடி. கதவு மூடவில்லை. தடத்தில் ஒரு பொம்மையின் கால். எடுத்தேன். மூடியது. பொம்மை யாருடையது என்று தேடிக் காலைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 9. பதினோராம் மாடி. பொத்தான் வேலை செய்யவில்லை என்று புகார். பொத்தான் சரியாக இருக்கிறது. அங்கே தனியாக இருப்பவருக்குப் பேச ஆள் இல்லை. இருபது நிமிடம்.

ஏப்ரல் 14. மூன்றாம் மாடி. உரசல் சத்தம். எண்ணெய் இட்டேன். நின்றது. பழகிய சத்தம் போனதால் தூக்கம் வரவில்லை என்று மறுநாள் புகார்.

ஏப்ரல் 22. ஆறுக்கும் ஐந்துக்கும் இடையே நின்றது. நாற்பது நிமிடம். காரணம் தெரியவில்லை. தானே சரியானது.

இவ்வளவுதான். குப்பை.

இப்படிக்கு,
பூட்டுக்கு வெளியே நின்றவன்


மார்ச் 28

அன்புள்ள மாமா,

நலம், நலம், நலம். அதை விடுங்கள். குப்பை என்றீர்களே, அதை நான் பேருந்தில் படித்துவிட்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன்! பொம்மையின் காலைத் தேடிக் கொடுத்தவரும் பதினோராம் மாடியில் இருபது நிமிடம் நின்றவரும் நாற்பத்தோரு பக்கத்தில் எங்கே ஒளிந்திருந்தார்? ஒரு 'பயங்கர'மும் இல்லை, ஒரு கிளியும் இல்லை. மாமா, உங்கள் கதையைப் பதிவேடு எழுதுவது போல் எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆயிற்று, அவ்வளவுதான்.

கடைசி வரி மட்டும் உறுத்துகிறது. மற்ற எல்லாப் பழுதுக்கும் காரணம் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் 'காரணம் தெரியவில்லை'. முப்பத்தோரு வருட மெக்கானிக்குக்குத் தெரியாத காரணமா? லிஃப்ட்டுகள் தானே சரியாகுமா? தொழில்முறை ஆர்வத்தில் கேட்கிறேன்.

நான்கு பேர் உள்ள பிரதியை மேசையில் விரித்துப் போட்டு மூன்று நாள் திருத்தினேன். இணைத்திருக்கிறேன். வழக்கம் போல் பென்சிலில்தான். மணப்பெண்ணையும் பல் டாக்டரையும் எடுத்துவிட்டேன், ஒரு குறையும் தெரியவில்லை. பைக்காரரையும் எடுத்துவிட்டேன். அவர் பேசுவதில்லை, இறங்குவதில்லை. பையில் இருப்பதோ ஒவ்வொரு பிரதியிலும் மாறுகிறது. எழுதுகிறவருக்கே தெரியாத பையைப் படிக்கிறவர் எதற்குச் சுமக்க வேண்டும்? இனி மெக்கானிக் ஒருவர்தான். அவரை வைத்து எழுதிப் பாருங்கள். கெடுவுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, ஓடுங்கள்!

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 25

அன்புள்ள மாமா,

நலமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. உங்கள் வாய் நான்கு வாரம் மூடியிருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

பைக்காரரை வெட்டியதில் வருத்தமா? புள்ளி வையுங்கள், திரும்பி வந்துவிடுவார். போட்டிக் கெடுவும் முடிந்துவிட்டது. அனுப்பினீர்களா? விசாரித்ததில் அந்த இதழ் பத்துப் பக்கத்துக்கு மேல் வாங்குவதே இல்லையாம். இது உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. அப்படியானால் இவ்வளவு நாளாக யாருக்காக எழுதினீர்கள்?

அம்மா இரண்டு நாளாகத் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலைப் பெருக்குகிறாள். வாசலில் குப்பையே இல்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மே 3

மருமகளுக்கு,

நலம். முழங்காலும் நலம்.

போட்டிக்கு அனுப்பவில்லை.

நீ திருத்திய பிரதியைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். பைக்காரர் மேல் உன் பென்சில் கோடு இருக்கிறது. அதற்கு அடியில் வரிசையாகப் புள்ளி. ஓரத்தில் 'இருக்கட்டும்'. அது நீலப் பேனாவில் இருக்கிறது.

நீ எப்போது பேனாவுக்கு மாறினாய்?

மாமா


மே 11

அன்புள்ள மாமா,

நான் பேனாவைத் தொடுவதே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் துப்பறிந்தேன். உங்கள் பழைய பிரதிகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நான் அடுக்கிய வரிசையில் இல்லை. இரண்டாம் பிரதியில் ஒரு கோப்பை வைத்த வட்டம். நான் காகிதத்தின் மேல் கோப்பை வைக்க மாட்டேன். கடிதங்களும் எல்லாமே பிரித்து மடித்தவையாக இருக்கின்றன, என் மடிப்பு அல்ல.

சமையலறைக்குப் போனேன். "அம்மா, நீலப் பேனா எங்க இருக்கு?"

"எந்தப் பேனா?"

"உன் கொண்டையில செருகியிருக்கியே, அது."

அம்மா கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சொன்னாள். "அந்தப் பையில என்ன இருந்துச்சுன்னு அவனுக்கு நிஜமா தெரியுமான்னு கேளு. மூணு தடவை மூணு விதமா எழுதியிருக்கான்."

"யாரும்மா அந்தப் பைக்காரர்?"

"மழை வர்ற மாதிரி இருக்கு, துணிய எடு" என்றாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

பதிவேட்டின் அந்தக் கடைசி வரிக்குத் திரும்பிப் போனேன். ஏப்ரல் 22. அப்பா போவதற்கு ஐந்து மாதம் முன்பு. என் கடைசி வருடப் பரீட்சைக்கு ஆறு வாரம் முன்பு. மாமா, எனக்கு ஒன்று தோன்றிவிட்டது. அதை நான் எழுத மாட்டேன், நீங்கள்தான் எழுத வேண்டும்.

என்னிடம் மிச்சமிருக்கும் யோசனை இவ்வளவுதான். ஊருக்காக எழுதாதீர்கள். ஒரே ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்து அவருக்கு எழுதுங்கள். தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், அதையும் நம்புவார்கள். இட்டு நிரப்பினால்தான் சந்தேகம் வருகிறது.

பைக்காரரை வெட்டியதற்கு மன்னியுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 2

மருமகளுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

கதை ஒன்றரைப் பக்கம். ஒன்பது தடவை எழுதினேன். இதில் மிகைப்படுத்தவில்லை, ஒன்பதுதான். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் மூச்சு முட்டியது. அந்த வாக்கியத்தை உடைக்க முடியவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். முதலில் அக்காவிடம் கொடு. பிறகு நீ படி.

மாமா

ஏப்ரல் 22. பிற்பகல் மூன்று நாற்பது. ஒன்பதாம் மாடியில் ஒரு டாக்டரின் அறையும் ரத்தப் பரிசோதனை செய்கிற இடமும் இருக்கின்றன. நான் பத்தாம் மாடியில் வேலை முடித்துக் கீழே வந்துகொண்டிருந்தேன். ஒன்பதில் கதவு திறந்தது. அத்தான் ஏறினார். மார்போடு ஒரு பை. என்னைப் பார்ப்போம் என்று அவர் நினைக்கவில்லை.

"என்ன அத்தான், இங்க?" என்றேன்.

எண் பலகையையே பார்த்தார். எட்டு, ஏழு. ஆறு தாண்டியபோது, "இத கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமாடா?" என்றார்.

லிஃப்ட்டை நிறுத்தும் சாவி என் இடுப்பில் இருந்தது. போட்டேன். லிஃப்ட் நின்றது. அதுதான் காரணம். எனக்குத் தெரியும். பதிவேட்டில் தெரியவில்லை என்று எழுதினேன். முப்பத்தோரு வருடத்தில் அந்த நோட்டில் நான் எழுதிய ஒரே பொய் அது.

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். டாக்டர் சொன்னதை அத்தான் சொன்னார். எத்தனை மாதம் என்றும் சொன்னார். "பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும். அதுவரைக்கும் உங்க அக்காகிட்டயும் சொல்லாத. அவளால முகத்துல மறைக்க முடியாது" என்றார். சரி என்றேன்.

பிறகு, "ஏதாச்சும் சொல்லுடா. நீதான் நல்லா பொய் சொல்லுவியே" என்றார்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. அவர் பையைத் தட்டி, "இதுக்குள்ள என்ன இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார். "பாம்பு" என்றேன். "எத்தன அடி?" "பதினெட்டு." சிரித்தார். "ஆமாடா, பாம்புதான். உங்க அக்காவுக்குத்தான் வாங்கிட்டுப் போறேன்" என்றார். அதற்கு மேல் நான் சொல்லச் சொல்லச் சிரித்தார், பாம்பு எப்படிப் பேருந்தில் டிக்கெட் எடுத்தது என்று சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், அது எந்தக் கண்ணீர் என்று எனக்குத் தெரியாது.

வாட்ச்மேன் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினார். "ரிப்பேர் நடக்குது" என்றேன்.

நான்கு இருபது. அத்தான் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "போதும், விடு" என்றார். சாவியைத் திருப்பினேன். தரைத்தளத்தில் இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

அவர் போன பிறகு வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ, "நீ ஏதாச்சும் சொல்லேன்பா" என்றார்கள். அத்தானைச் சிரிக்க வைத்தது அந்தப் பாம்பு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை எடுத்தேன். லிஃப்ட் பழுதாகி நின்றதாகவும், அத்தான் பாம்பை அக்காவுக்கு வாங்கிப் போனதாகவும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா எழுந்து போனாள்.


ஜூன் 9

தம்பிக்கு,

நான் நலம். உன் முழங்கால் ஜனவரியில் வலித்தது, மார்ச்சில் குறைந்தது, மே மாதம் சரியாயிற்று. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதே.

பையில் இருந்தது செருப்பு. பிரவுன் நிறம். எனக்கு ஒரு அளவு பெரிது.

அன்றைக்கு அவர் தாமதமாக வந்தார். ஏன் என்று கேட்டேன். "லிஃப்ட் நின்னுடுச்சு, உன் தம்பியும் உள்ளே இருந்தான்" என்றார். நீ உள்ளே இருக்கும்போது ஒரு லிஃப்ட் நாற்பது நிமிடம் நிற்காது. நீ ஊரெல்லாம் புளுகுவாய், ஆனால் உன் வேலை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீர்கள் என்று அப்போதே தெரிந்தது. செருப்பைப் போட்டுப் பார்த்தேன், தொளதொள. அந்தக் கோபத்தையும் சேர்த்து, "இத்தன வருஷத்துல ஒரு செருப்பு அளவு தெரியல உங்களுக்கு" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "பாம்புக்கு யாரு அளவு பாத்து வாங்குவா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு நீ கூடத்தில் நின்று பாம்பு என்றாய், எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் என்னை வைத்துத்தான் சிரித்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் எழுந்து போனேன்.

பரீட்சை முடிந்த மறுநாள்தான் எங்களிடம் சொன்னார். செருப்பு வாங்கி வந்த அன்றே அவருக்குத் தெரியுமா, தெரிந்த பிறகுதான் நான் கத்தினேனா என்பதுதான் நான்கு வருடமாக என் கேள்வி. தெரியும் என்று எழுதிவிட்டாய். தெரிந்தும் சிரித்தார் என்றும் எழுதிவிட்டாய். முதலாவதைப் படித்து அழுதேன். இரண்டாவதைப் படித்து நானும் சிரித்தேன். டிக்கெட் எடுத்த பாம்பு!

உன் மருமகள் இரண்டு தடவை படித்தாள். பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. அவள் அப்பா மறைத்தது அவளுக்காக என்று தெரிந்ததிலிருந்து பேசாமல் இருக்கிறாள். நீ வந்தால் பேசுவாள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி ஏற வேண்டும். முழங்காலைச் சாக்குச் சொல்லாதே.

செருப்பின் வாருக்கு அடியில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் தேயவில்லை.

வந்து மற்றவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது பாம்பாகவே இருக்கட்டும். எனக்கு மட்டும் செருப்பு.

அக்கா